நோக்கியா தோற்றது எதனால்?

சென்ற பொங்கலுக்கு அடுத்த வாரம் காளையார்கோவில் பேருந்து நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தந்தை அங்கு வந்தார். மகள் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைப்பேசி செய்யும் ஆலை ஒன்றிலிருந்து அவளுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. மகிழ்ச்சியைச் சொல்ல வந்திருக்கிறார் என்று எண்ணினேன். ஆனால் அவர் முகத்தில் கவலைதான் இருந்தது.

"எங்க மச்சான் மக நோக்கியாவுல நல்லாத்தான் இருந்துச்சு சார். திடீர்னு மூடிட்டாங்க. இதுவும் அப்படி ஆயிருமோ? பாப்பாவ அனுப்பலாமா, வேணாமா?"

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. நோக்கியா ஏன் வீழ்ந்தது என்பதற்கு ஊரார் அனைவரும் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். நானும் அதையே வகுப்பில் கூறி வந்தவன்தான். அந்த விடை சரிதானா என்று தேடிப் படித்துப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

ஊரார் விடை இதுதான்: நோக்கியா மாற்றத்தை உணரவில்லை, தொடுதிரை செய்ய அதற்குத் தெரியவில்லை, முதலிடத்தில் இருந்த செருக்கு அதன் கண்ணை மறைத்தது. கல்லூரி விழாக்களுக்குத் தன்னம்பிக்கை உரையாற்ற வருவோர் இதனுடன் ஒரு காட்சியையும் சேர்ப்பார்கள். நிறுவனத்தை விற்ற நாளன்று அதன் தலைவர், தாங்கள் தவறேதும் செய்யவில்லை, ஆயினும் எப்படியோ தோற்றுவிட்டோம் என்று கூறிக் கண்ணீர் விட்டாராம். அரங்கம் உருகிப்போகும். அவ்வாறு அவர் சொன்னதற்கு நம்பத்தக்க சான்று எதையும் நான் கண்டதில்லை. அது கிடக்கட்டும். "மாறவில்லை, ஆகவே வீழ்ந்தது" என்னும் விளக்கம் வீழ்ந்த எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. உடம்பு சுடுகிறது என்று சொல்லிவிட்டால் காய்ச்சலின் காரணத்தை அறிந்துகொண்டதாக ஆகிவிடுமா?

முதலில், நோக்கியா எதில் வல்லமை பெற்றிருந்தது என்பதைப் பார்ப்போம். 2003 ஆம் ஆண்டு நோக்கியா 1100 என்னும் பேசி வெளிவந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கைப்பேசி அதுதான். இந்தியா போன்ற நாடுகளை எண்ணிச் செய்யப்பட்ட பேசி அது. தூசி புகாதபடி விசைகளின்மேல் ஒரே ரப்பர் உறை. வியர்த்த கையிலிருந்து நழுவாத பக்கங்கள். தலையில் ஒரு சிறு விளக்கு. எங்கள் பகுதியில் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வரும். மோட்டார் போடுவதற்காக வரப்பில் நடந்து போகும் என் தந்தைக்கு அந்தப் பேசியில் பேசுவதைக் காட்டிலும் அந்த விளக்கே பெரிதும் பயன்பட்டது. பாம்புக்கு அஞ்சி நடக்கும் ஒருவனின் தேவையைப் பல்லாயிரம் கல் தொலைவில், பனி நாடாகிய பின்லாந்தில் இருந்த ஒரு நிறுவனம் அறிந்து வைத்திருந்தது. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் அந்தப் பேசி விற்பனையாயிற்று. மக்களைப் பற்றி அறியாத நிறுவனம் என்று அதனை எவ்வாறு சொல்வது?

பொருளில் குறை நேர்ந்தாலும் அதை எதிர்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2007 ஆகஸ்டில், மட்சுஷிடா நிறுவனம் செய்து கொடுத்த பேட்டரிகளில் ஒரு பகுதி மின்னேற்றத்தின்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்று தெரியவந்தபோது, 4 கோடியே 60 இலட்சம் பேட்டரிகளைக் குறித்து நோக்கியா அறிவிப்பு விடுத்தது; விரும்பியோர்க்கு இலவசமாக மாற்றித் தருவதாகவும் கூறியது. நோக்கியா பேட்டரி வெடிக்கும் என்ற அச்சம் அந்நாட்களில் ஊரெங்கும் பரவியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். அவ்வளவு பெரிய கலக்கத்தையும் அந்நிறுவனம் கடந்து வந்தது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருளில் அது மிகுந்த கெட்டிக்காரத்தனம் உடையது.

மாறத் தெரியாத நிறுவனம் என்பதும் பொருந்தாது. 1865 இல் பிரெட்ரிக் இடஸ்டாம் என்னும் பொறியாளர் தொடங்கிய மரக்கூழ் ஆலையே அதன் மூலம். பின்னர் அதனோடு ரப்பர்த் தொழிலும் மின்வடத் தொழிலும் சேர்ந்தன. 1991 ஜூலை 1 ஆம் நாள் பின்லாந்தில் உலகின் முதல் ஜி.எஸ்.எம். அழைப்பு பேசப்பட்டது நோக்கியாவின் கருவிகள் வழியாகத்தான். 1998 இல் மோட்டோரோலாவை முந்தி உலகில் முதலிடம் பெற்றது. மரக்கூழிலிருந்து வானொலி அலை வரை வந்த ஒரு நிறுவனம் திடீரென்று மாற்றத்தை மறந்துவிட்டது என்றால், அந்த மாற்றம் எத்தகையது என்று கேட்க வேண்டும் அல்லவா?

இரண்டு பேசிகள்

2007 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் இரண்டு பேசிகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று நோக்கியாவின் என்95. மற்றொன்று ஆப்பிளின் முதல் ஐபோன்.

அவற்றின் விவரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, பெயரை மறைத்து, எது வெல்லும் என்று ஒரு மாணவனைக் கேளுங்கள். என்95 இல் 5 மெகாபிக்சல் கேமரா. அதில் அசையும் படமும் எடுக்கலாம். ஐபோனில் 2 மெகாபிக்சல் மட்டுமே. அசையும் படம் இல்லை. என்95 மூன்றாம் தலைமுறை வலையமைப்பில் இயங்கும். ஐபோனுக்கு அது இல்லை. என்95 இல் செயற்கைக்கோள் வழி இடங்காட்டி உண்டு; ஐபோனில் கிடையாது. என்95 இன் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், ஐபோனில் முடியாது. பிறர் எழுதிய செயலிகளை என்95 ஏற்கும்; முதலாண்டில் ஐபோன் அதையும் ஏற்கவில்லை. எந்த மாணவனும் என்95 தான் வெல்லும் என்பான். நோக்கியாவின் பொறியாளர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அந்தத் தாளில் பலரும் கவனிக்காத இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று திரை. என்95 இன் திரை 2.6 அங்குலம், ஐபோனுடையது 3.5 அங்குலம், அதில் விசைப்பலகையே இல்லை. மற்றொன்று நினைவகம். என்95 இல் 64 மெகாபைட்; ஐபோனில் அதைப்போல் இரு மடங்கு, 128. இந்த இரண்டு வரிகளில்தான் பின்னர் நடந்தவற்றின் விதை இருந்தது.

தொடுதிரை நோக்கியாவுக்குப் புதிதன்று. 2004 இலேயே 7710 என்னும் தொடுதிரைப் பேசியை அது அறிவித்திருந்தது. ஐபோனுக்குப் பிறகு 2008 இல் 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக், 2009 இல் என்97 என்று வரிசையாகத் தொடுதிரைப் பேசிகள் வந்தன. ஆகவே "தொடுதிரை செய்யத் தெரியவில்லை" என்பது பிழை. எந்த வகைத் தொடுதிரை என்பதே கேள்வி. இங்கே இயற்பியல் சற்றுத் தேவைப்படுகிறது.

விரலும் மின்புலமும்

நோக்கியா முதலில் கையாண்டது மின்தடைத் திரை. ஒளி ஊடுருவும் இரண்டு கடத்தும் படலங்களை நுண்ணிய இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். மேற்படலம் வளையும் தன்மையுடையது. அதை அழுத்தினால் கீழ்ப்படலத்தைத் தொடும். ஒரு படலத்தின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் கொடுத்திருந்தால், தொட்ட இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் என்பதை மற்றப் படலம் அளந்துவிடும். மின்னழுத்தம் தெரிந்தால் தொலைவும் தெரியும். நம் பள்ளி ஆய்வகத்து மின்னழுத்தமானி வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான். ஒரு மீட்டர் கம்பிக்குப் பதில் இங்கே ஒரு படலம். நகரும் தொடுகட்டைக்குப் பதில் உங்கள் நகம்.

இதில் நன்மைகள் பல. விலை குறைவு. நகத்தாலோ குச்சியாலோ கையுறை அணிந்த விரலாலோ இயக்கலாம். 5800 பேசியோடு கிட்டார் மீட்டும் வில்லை போன்ற ஒரு பொருளையே கொடுத்தார்கள். குறைகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அழுத்தினால், எளிய மின்தடைத் திரை குழம்பிப்போய் இடைப்பட்ட ஏதோ ஓர் இடத்தைக் காட்டும்.

ஐபோனில் இருந்தது மின்தேக்குத் திரை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்ததுபோல் அமைந்திருக்கும். ஒவ்வொரு குறுக்கீடும் ஒரு சிறு மின்தேக்கி. நம் உடல் மின்கடத்தி அல்லவா? விரல் நெருங்கியதும் அங்குள்ள மின்புலத்தில் ஒரு பகுதியைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். மின்தேக்குதிறன் மாறும். மாற்றம் மிகச் சிறிது. ஒரு பைக்கோஃபாரடு அளவைக்கூட எட்டாது. ஒரு ஃபாரடை இலட்சம் கோடிப் பங்காகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே பைக்கோஃபாரடு. ஒவ்வொரு குறுக்கீட்டையும் தனித்தனியே அளப்பதால் இரண்டு விரல், ஐந்து விரல் எதையும் பிரித்தறியலாம்.

வாசகர்கள் தம் கைப்பேசியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பேனாவின் மூடிய முனையால் திரையைத் தொடுங்கள், ஒன்றும் நடவாது. அந்தப் பேனாவைச் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளால் சுற்றி, தாள் கையிலும் படுமாறு பிடித்துக்கொண்டு தொடுங்கள், திரை இயங்கும். ஒரு வெண்டைக்காயைக் கையில் பிடித்துத் தொட்டாலும் பெரும்பாலும் இயங்கும். வெண்டைக்காய்க்குக் கணக்கு வருமா என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான். இதுபற்றி மேலும் ஆய்வு தேவை.

மின்தேக்குத் திரை ஆப்பிளின் கண்டுபிடிப்பு அன்று. எல்ஜி நிறுவனத்தின் பிராடா என்னும் பேசியில் அது ஐபோனுக்கு முன்பே வந்துவிட்டது. நோக்கியாவும் அதை வாங்கிப் பொருத்தியிருக்கலாம். 2009 இன் இறுதியில் எக்ஸ்6 பேசியில் பொருத்தவும் செய்தது. அப்படியானால் தடை எங்கே?

விரல் தடித்தது. நகமுனை மெல்லியது. நகத்துக்கென்று செய்த சிறு பொத்தான்களை விரலால் தொட முடியாது. ஆகவே திரையிலுள்ள ஒவ்வொரு படத்தையும், ஒவ்வொரு பட்டியலையும், ஒவ்வொரு அசைவையும் விரலுக்கென்று புதிதாக எழுத வேண்டும். கண்ணாடியைக் கடையில் வாங்கலாம். அதற்குப் பின்னால் ஓட வேண்டிய மென்பொருளை அவ்வாறு வாங்கிவிட முடியாது. நோக்கியாவின் மென்பொருள் மேலும் கீழும் நகரும் விசைகளுக்காக எழுதப்பட்டது. அதன் மேல் தொடுதலை ஒட்டுப்போட்டார்கள். 5800 இலும் என்97 இலும் சில இடங்களில் ஒரு முறை தொட்டால் திறக்கும். பட்டியல் வந்தால் ஒரு முறை தொட்டுத் தேர்ந்து மறுமுறை தொட்டுத் திறக்க வேண்டும். எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்பது பழகித்தான் தெரியவேண்டும்.

சிக்கனம் சுமையான கதை

அந்த மென்பொருளின் பெயர் சிம்பியன். அதைப் பலரும் மட்டமான மென்பொருள் என்று ஏளனம் செய்கிறார்கள். அது நியாயமன்று.

சிம்பியனின் வேர் சையான் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையடக்கக் கணிப்பொறி. 1997 இல் வந்த அதன் ஐந்தாம் வரிசைக் கருவியில் நினைவகம் 4 அல்லது 8 மெகாபைட்தான். இன்று ஒருவர் எடுக்கும் ஒரு புகைப்படமே அதில் அடங்காமல் போகலாம். அத்தனை சிறிய இடத்தில், இரண்டு சிறு பேட்டரிகளில், வாரக்கணக்கில் நின்றுபோகாமல் ஓட வேண்டும். ஆகவே அதை எழுதியவர்கள் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவிட்டார்கள். நிரல் எழுதுவோர், தாம் கேட்டு வாங்கிய நினைவிடத்தை நடுவில் ஏதேனும் பிழை நேர்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடும்படி, ஒரு தனி அடுக்கில் பதிந்துவைக்க வேண்டும் என்பது விதி. சாதாரண எழுத்துத் தொடர்களைக் கையாளவே தனி இலக்கணம். நினைவகம் பொன் விலை விற்ற காலத்தில் இது பெரிய சாதனை. 1998 இல் சிம்பியன் நிறுவனம் தோன்றியபோது நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகிய மூன்றும் அதில் பங்கேற்றது காரணமில்லாமல் அன்று.

எங்கள் சிவகங்கைச் சீமையில் தண்ணீர் அரிது. ஊருணியிலிருந்து குடத்தில் சுமந்து வந்த தண்ணீரில், ஒரு சொம்பில் முகம் கழுவி, அந்த நீரையே செடிக்கு ஊற்றிப் பழகிய பாட்டிகள் உண்டு. அது பண்பு. ஆனால் வீட்டுக்குள் குழாய் வந்த பிறகும் அந்த ஒரு சொம்பைச் சுற்றியே முழு வீட்டையும் கட்டியிருந்தால்? குளியலறைக்கே இடமிருக்காது. நினைவகத்தின் விலை ஆண்டுதோறும் சரிந்து வந்தது. ஆப்பிள் தன் மேசைக் கணிப்பொறியின் மென்பொருளையே சுருக்கிப் பேசிக்குள் வைத்தது. கூகிள், லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ஆண்ட்ராய்டைச் செய்தது; 2008 இல் அதன் முதல் பேசி வந்தது. இவை இரண்டும் நினைவகத்தைத் தாராளமாகச் செலவிட்டன. அதற்குப் பதிலாக நிரல் எழுதுவோரின் நேரத்தை மிச்சப்படுத்தின. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தபோது, கல்லூரி மாணவன்கூடச் சில வாரங்களில் ஒரு செயலியை எழுதிவிட முடிந்தது. சிம்பியனில் அதன் இலக்கணத்தைக் கற்கவே மாதங்கள் ஆகும். எழுதி முடித்தாலும், நோக்கியாவின் பற்பல மாதிரிகளில், பற்பல திரை அளவுகளில் அதைச் சோதிக்க வேண்டும்.

நோக்கியாவின் தோல்விக்கு நடுநாயகமான காரணம் இதுவே என்பது என் கருத்து. பேசி என்பது செய்து முடித்து விற்கும் பொருளாக இருந்தவரை நோக்கியாவை வெல்ல எவராலும் முடியவில்லை. விற்ற பிறகும் அன்றாடம் புதிதாகிக்கொண்டிருக்கும் ஒன்றாகப் பேசி மாறியபோது, எந்தப் பண்புகள் அதை உயர்த்தினவோ அவையே காலைப் பிணித்தன. செருக்கு இருந்ததா என்றால் இருந்திருக்கலாம். ஆனால் செருக்கே இல்லாத ஒரு நிறுவனமும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கும்.

நோக்கியாவுக்குள் இதை அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. லினக்ஸ் அடிப்படையில் மேமோ என்ற மென்பொருளை ஒரு சிறு குழு செய்துகொண்டுதான் இருந்தது. 2009 இல் என்900, 2011 இல் என்9 என்று நல்ல பேசிகளும் அவ்வழியில் வந்தன. டிமோ வூரி, குய் ஹுய் என்னும் இரு ஆய்வாளர்கள் நோக்கியாவில் பணியாற்றியோரை விரிவாகப் பேட்டி கண்டு 2016 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது அச்சம். மேலிடத்தார் போட்டியாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் அஞ்சினார்கள்; இடைநிலை அதிகாரிகள் மேலிடத்துக்கு அஞ்சினார்கள். சிம்பியனைச் சீர்செய்ய ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்தவர்கள் அதை அழுத்தமாகச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் அளவீடு எதிர்பார்த்தபடி வராவிட்டால், வந்ததாக எழுதிவிடும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். மதிப்பெண் போய்விடும் என்ற பயம். குற்றம் மாணவனுடையது மட்டும் அன்று. மதிப்பெண் போடும் என்னுடையதுந்தான்.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. 2010 செப்டம்பரில் மைக்ரோசாப்டிலிருந்து வந்த ஸ்டீபன் இலாப் தலைமைப் பொறுப்பேற்றார். 2011 பிப்ரவரி 11 அன்று, இனி எங்கள் உயர்வகைப் பேசிகளில் மைக்ரோசாப்டின் விண்டோஸ்தான் என்று அறிவித்தார். புதிய பேசியோ அவ்வாண்டின் இறுதியில்தான் கடைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில், சாகப்போவதாக அதன் தலைவரே சொல்லிவிட்ட சிம்பியன் பேசியை யார் வாங்குவார்? சோறு வேகும் முன்பே பழையதைக் கொட்டிவிட்ட கதை. 2012 தொடக்கத்தில் சாம்சங் முதலிடத்தைப் பறித்தது. 2013 செப்டம்பரில் கைப்பேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாப்டுக்கு விற்க உடன்பாடு ஆயிற்று. வாங்கிய மைக்ரோசாப்டும் பிழைக்கவில்லை. 2015 இல் அந்த வணிகத்தின் மதிப்பில் 760 கோடி டாலரை நட்டமாக எழுதிவிட்டது.

நம் நாட்டுச் சந்தையில் இன்னொரு சங்கதியும் சேர்ந்தது. 2009 இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று கட்டணம் வைத்ததும், நிறுவனங்களிடையே விலைப்போர் மூண்டது. மக்கள் இரண்டு சிம் வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் வேறொரு காரணமும் இருந்தது: வீட்டில் ஒரு நிறுவனத்தின் அலை கிடைக்கும், வயலில் வேறொன்றின் அலை கிடைக்கும். மைக்ரோமேக்ஸ், கார்பன் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள், தைவானின் மீடியாடெக் சில்லுகளைக் கொண்டு சீனாவில் செய்த இரட்டை சிம் பேசிகளைக் குறைந்த விலையில் கொண்டுவந்து குவித்தன. நள்ளிரவு வரப்பில் விளக்குத் தேவை என்பதை அறிந்திருந்த நோக்கியா, இரண்டு சிம் தேவை என்பதை ஏற்று இங்கே பேசி கொண்டுவர 2010, 2011 ஆகிவிட்டது. இந்த ஒரு குற்றத்துக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. இதில் மென்பொருள் சிக்கல் பெரிதாக ஏதுமில்லை. கடைத்தெருவில் நின்று பார்த்தால் போதும்.

ஸ்ரீபெரும்புதூர்

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம்.

தமிழக அரசோடு 2005 இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற உதிரிப்பாக நிறுவனங்களும் பக்கத்திலேயே வந்து அமர்ந்தன. உச்ச நிலையில் நேரடிப் பணியாளர்களே எண்ணாயிரம் பேர் அளவில் இருந்தனர். பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்போ தொழிற்கல்வியோ முடித்த இளம்பெண்கள். கிராமத்துச் சாலைகளில் விடியுமுன் நிறுவனப் பேருந்துக்குக் காத்து நின்ற அவர்களின் சம்பளத்தில் எத்தனையோ வீடுகளுக்குக் காங்கிரீட் கூரை வந்தது. அங்கே செய்தவை முக்கியமாகக் குறைந்த விலைப் பேசிகள். கோடிக்கணக்கில் செய்து பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வேலையில் குறை என்று எவரும் சொன்னதில்லை.

2013 சனவரியில் வருமான வரித்துறை அந்த ஆலையில் ஆய்வு நடத்தியது. பின்னர் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. எதற்கான வரி என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே செய்த பேசிகளில் ஏற்றிய மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு இந்தியக் கிளை தொடர்ந்து பணம் அனுப்பி வந்தது. அது உரிமைத் தொகை, அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்றது துறை. அது பொருள் வாங்கிய விலை என்றது நிறுவனம். 2014 இல் தமிழக வணிகவரித் துறையும் தனியே சுமார் 2,400 கோடி ரூபாய் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சொத்து முடக்கப்பட்டிருந்ததால், 2014 ஏப்ரலில் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்டின் கைக்குப் போனபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையிலிருந்து விடுபட்டது. சில மாதங்கள் மைக்ரோசாப்டுக்காக ஒப்பந்தத்தில் பேசிகள் செய்துகொடுத்தது. மைக்ரோசாப்ட் அதையும் நிறுத்த, 2014 நவம்பர் 1 அன்று இயந்திரங்கள் ஓய்ந்தன. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விலகியிருந்தார்கள். நோக்கியாவை நம்பி வந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்தாண்டில் மூடப்பட்டது.

வரி கேட்டதால்தான் ஆலை மூடியது என்பர் சிலர். வரி விவகாரம் கழுத்தை நெரித்தது உண்மை. ஆனால் சந்தையில் முதலிடத்தில் இருந்த நோக்கியாவாக இருந்திருந்தால் அந்த ஆலையை எப்படியேனும் காப்பாற்றியிருக்கும். விலை குறைந்த விசைப் பேசிகளின் நாளே முடிந்துகொண்டிருந்தபோது அதைக் காப்பாற்ற எவருக்கும் ஆர்வமில்லை. வழக்கின் பொருளை மறுபடி பாருங்கள். பேசியின் உடல் இங்கே பிறந்தது. அதன் அறிவு பின்லாந்திலிருந்து வந்தது, அதற்கான விலையும் அங்கே போயிற்று. தோல்வி நேர்ந்தது அறிவின் பக்கத்தில். வேலை இழந்தவர்களோ கைகளால் உழைத்தவர்கள். எங்கள் ஊராரின் மச்சான் மகள், சிம்பியன் என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டாள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோக்கியா என்னும் நிறுவனம் அழிந்துவிடவில்லை. வலையமைப்புக் கருவிகளில் இன்றும் பெரிய நிறுவனம். மூடிய அந்தக் கைப்பேசி ஆலையை 2019 இல் சால்காம்ப் வாங்கியது. முன்பு நோக்கியாவுக்கு மின்னேற்றி செய்து கொடுத்த அதே சால்காம்ப், இப்போது ஆப்பிளுக்கு மின்னேற்றி செய்யும் நிறுவனம். ஃபாக்ஸ்கானும் 2019 முதல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்களைச் செய்கிறது. வென்றவனின் பேசிதான் இப்போது அங்கே உருவாகிறது. உருவாக்கும் கைகள் முன்போலவே தமிழ்நாட்டுப் பெண்களின் கைகள்.

அந்தத் தந்தையிடம் பின்னொரு நாள் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பத்தாண்டு நிலைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது, எவராலும் முடியாது. அனுப்புங்கள், ஆனால் அவள் படித்த மின்னணுவியல் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்றேன். "அதெல்லாம் பரண் மேலதான் சார் இருக்கு" என்றார்.

அவள் சித்திரையில் வேலைக்குச் சேர்ந்தாள். திரைகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறாளாம். சோதனைக் கருவியில் சிவப்பு எரிந்தால் அந்தத் திரையை எடுத்து வேறு தட்டில் வைக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. எந்த மின்வாயில் மின்தேக்குதிறன் பிசகியது என்று காட்டும் பக்கம் அந்தக் கருவியிலேயே இருக்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் அவள் பிரிவில் யாரிடமும் இல்லை என்று சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னாள்.